சாவுக்குச் சொன்ன பொய்

என் பேருக்கு அர்த்தம் குப்பை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பேச்சு தெரிந்தவர்கள் என் பேரைக் கேட்டால் ஒரு கணம் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் உதட்டைக் கடித்துக்கொள்வார்கள். தெரியாதவர்களுக்கு அது வெறும் சத்தம். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் என்னோடு வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொரு தேசம். அதனால் அங்கே இருபத்தோரு வருஷம் நிம்மதியாக இருந்தேன்.

முதல் பதிமூன்று வருஷம் அழுக்கு மூட்டை பிரித்தேன். ரத்தம் பட்டது ஒரு பக்கம், படாதது ஒரு பக்கம். அதற்கு எழுத்து வேண்டாம், மூக்கை அடைத்துக்கொள்ளத் தெரிந்தால் போதும். நாற்பத்தாறு வயதில், சங்கத்துக்காரர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடத்திய வகுப்பில் எழுத்து படித்தேன். அது தெரிந்ததும் சூப்பர்வைசரம்மா என்னை லேபிள் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள்.

லேபிள் மேஜை வேலை பார்க்கச் சின்னது. டாக்டர், நர்ஸ், தூய்மைப் பணியாளர் என்று ஆயிரத்து நானூறு பேர். ஒவ்வொருத்தர் உடுப்பிலும் நெஞ்சுப் பைக்கு மேலே பேர் ஒட்ட வேண்டும். நாடாவில் பேர் அச்சாகி வரும். அளவாக வெட்டி, துணிமேல் வைத்து, சூட்டுப் பலகையை இறக்கி, பன்னிரண்டு எண்ண வேண்டும். பத்தில் எடுத்தால் நாலு சலவையில் உரிந்து வரும். பதினைந்து ஆகிவிட்டால் துணி மஞ்சள் பாயும். சரியாக ஒட்டிவிட்டால் அப்புறம் லேசில் போகாது. பிய்த்தால் துணியும் கூடவே வரும்.

எட்டு வருஷமாக இப்படிப் பேர் ஒட்டினேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், வரிசைச் சீட்டோடு சரிபார்ப்பேன், ஒட்டுவேன். அந்தப் பேர்களுக்கெல்லாம் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மூட்டை தூக்குகிறவன் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதில்லை அல்லவா, அந்த மாதிரி.

என் மகள் நர்ஸ் படிப்பை முடித்து இதே ஆஸ்பத்திரியில், பச்சைக் குழந்தைகள் வார்டில் வேலை வாங்கினாள். திங்கட்கிழமை சேர வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேஜையில் ஒரு விண்ணப்பத் தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, கை கழுவிட்டு வாங்க. ஒரு கையெழுத்து."

"எதுக்கும்மா?"

"முதல்ல வாங்க."

தாளின் தலைப்பை எழுத்துக் கூட்டினேன். பெயர் மாற்றக் கோரும் விண்ணப்பம். கீழே மூன்று கோடு. இப்போதைய பெயர், புதிய பெயர், காரணம். முதல் கோட்டில் என் பேரை அவளே எழுதியிருந்தாள். மற்ற ரெண்டும் காலி.

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பேர் என்று ஒன்று கிடையாது. அப்பா பேர்தான் பிள்ளையின் பேருக்குப் பின்னால் நிற்கும். ஆஸ்பத்திரியிலோ பின்னால் நிற்கிற பேரைச் சொல்லித்தான் ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். திங்கட்கிழமையிலிருந்து அந்தக் கட்டடத்தின் ஆறு மாடியிலும் என் மகளைக் 'குப்பை, குழந்தைகள் வார்டுக்கு வரவும்' என்று கூப்பிடுவார்கள்.

"காலேஜ்ல என்னை என்னன்னு கூப்பிட்டாங்க தெரியுமாப்பா? உங்ககிட்ட சொன்னதே இல்ல. நம்ம பேச்சு தெரிஞ்ச ஒருத்தி இருந்தா. முதல் நாளே எல்லாருக்கும் அர்த்தம் சொல்லிட்டா. மூணு வருஷம் நான் லாரி. குப்பை லாரி. வராண்டாவுல நான் நடந்து வந்தா ரிவர்ஸ் எடுக்கற சத்தம் போடுவாங்க."

நாற்காலியை இழுத்து அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"நான் மட்டும் மாத்திக்கலாம். அதுக்கும் வழி இருக்கு. ஆனா அது உங்களை அறுத்து விடற மாதிரி இருக்குப்பா. நீங்களும் மாத்திட்டா, சேர்ந்து மாத்தின மாதிரி ஆயிடும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள ஆபீஸ்ல குடுத்துட்டா புதுப் பேர்லயே லேபிள் வரும்."

"என்ன பேரு வைக்கறது?"

"உங்களுக்குப் பிடிச்சது. நல்ல அர்த்தமா."

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. முப்பது வருஷமா 'என்னங்க'ன்னுதான் கூப்பிடறேன். 'என்னங்க'வை மட்டும் மாத்திடாதீங்க."

மகள் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரியும், எனக்கு ஏன் அந்தப் பேர் வந்தது என்று. எனக்கு முன்னால் பிறந்தவர்கள் தங்கவில்லை. அடுத்து நான் பிறந்ததும், இது எங்களுக்கு வேண்டாத பொருள் என்று சாவை ஏமாற்றக் குப்பை என்று பேர் வைத்தார்கள். இதை மகளிடமும் சொல்லியிருக்கிறேன். "படிப்பறிவு இல்லாத காலம்பா" என்பாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உலகத்திலேயே எங்கள் ஆட்கள் மட்டும்தான் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்தவர்கள் என்று மனசுக்குள் ஒரு வெட்கம் இருந்தது.

வியாழக்கிழமை மதியம் இஸ்திரி உருளைக்குப் பின்னால் நாலு பேர் சாப்பிட உட்கார்ந்தோம். உருளை நின்ற பிறகும் ஒரு மணி நேரம் அனல் இருக்கும், சாப்பாட்டை அதன்மேல் வைத்தால் சூடாகிவிடும், அதனால் அதுதான் எங்கள் இடம். கிழிசல் தைக்கிற அம்மா ஒருவர், அறுபதைத் தாண்டியவர், நாங்கள் தையலம்மா என்போம். தள்ளுவண்டிக்காரர், ஆறடி ஆள், ஆறு மாடிக்கும் வண்டி தள்ளுகிறவர். படுக்கை விரிப்பு மடிக்கிற ஒருவர், வருஷத்தில் பாதி பனி கிடக்கிற மேட்டு நிலத்திலிருந்து வந்தவர் என்பதால் பனியண்ணன் என்றே பேர் நின்றுவிட்டது. நாங்கள் பேசிக்கொள்வது ஒரு கலப்படப் பேச்சு. கை பாதி, வாய் பாதி. அதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"ஒரு உதவி. புதுசா ஒரு பேரு வேணும். நல்ல அர்த்தமா சொல்லுங்க," என்றேன்.

"யாருக்கு? பேரப்பிள்ளையா?" என்றார் தையலம்மா.

"இல்ல. எனக்கு."

மூன்று பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"இந்த வயசுல என்ன தப்பு பண்ணிட்டு ஓடப் போற?" என்றார் தள்ளுவண்டிக்காரர்.

"தப்பெல்லாம் இல்லப்பா. நல்ல பேரா இருக்கணும், அவ்வளவுதான். உங்க பேருக்கெல்லாம் என்ன அர்த்தம்? சொல்லுங்க, பிடிச்சா எடுத்துக்கறேன்."

"என் பேரை எடுத்துக்கோயேன்," என்றார் தையலம்மா. "கிழவின்னு அர்த்தம்."

"விளையாடாதீங்கம்மா."

"விளையாடல. பொறந்து ரெண்டு மாசத்துல எனக்குக் கடுமையான காய்ச்சல். பொழைக்காதுன்னு சொல்லிட்டாங்க. உடனே வச்ச பேரை எடுத்துட்டு, கிழவின்னு பேரை மாத்திட்டாங்க. சாவு வந்து குழந்தை எங்கேன்னு தேடும். இந்த வீட்டுல குழந்தையே இல்ல, ஒரு கிழவிதான் இருக்கான்னு போயிடும். எங்க ஆளுங்க பழக்கம் அது. ரெண்டு மாசத்துல கிழவி ஆனவ நான். இப்பத்தான் பேருக்கு ஏத்த மாதிரி மூஞ்சி வந்திருக்கு."

தள்ளுவண்டிக்காரர் ஓவென்று சிரித்தார். பனியண்ணன் சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தார்.

"சாவை ஏமாத்தவா?" என்றார்.

"ஆமா."

"என் பேருக்கு, மனுஷன் இல்லைன்னு அர்த்தம்."

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பேரை நான் எத்தனையோ தடவை ஒட்டியிருக்கிறேன். எட்டு எழுத்து, நடுவில் ஒன்று வளைந்து கிடக்கும், நாடாவில் அதுதான் கொஞ்சம் மங்கலாக விழும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"எங்க வீட்டுல பிள்ளைங்க தங்கலை. அதனால எனக்கு இந்தப் பேரு. என் தம்பிக்கு, 'இது இல்லை'ன்னு பேரு. பெரியப்பா பையன் ஒருத்தன் இருக்கான், அவனுக்கு 'யாருக்குத் தெரியும்'னு பேரு."

தையலம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்ப சாவு வந்து கதவைத் தட்டி, உள்ள யாருன்னு கேட்டா?"

"யாருக்குத் தெரியும்," என்றார் பனியண்ணன்.

"நான் தேடி வந்த ஆள் இதுவான்னு கேட்டா?"

"இது இல்லை."

"அப்ப அந்த மூலையில படுத்திருக்கற மனுஷன் யாருன்னா?"

"மனுஷன் இல்லை!"

நாலு பேரும் சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசரம்மா கண்ணாடி அறையிலிருந்து எழுந்து நின்று பார்த்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்ததில்தான் வந்தது என்று முதலில் நினைத்தேன்.

சிரிப்பு அடங்கினதும் தள்ளுவண்டிக்காரர் மெதுவாகப் பேசினார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "என்னுது, கந்தல் இல்லைன்னு அர்த்தம். செத்த குழந்தையைக் கந்தல் துணியில சுத்திப் புதைப்பாங்க. எங்கம்மா நாலு தடவை சுத்தினா. போன பிள்ளையேதான் திரும்பத் திரும்ப வந்து பொறக்குதுன்னு நம்பினாங்க. அஞ்சாவதா நான் வந்ததும், 'இனிமே வீட்டுல கந்தல் கிடையாது, செத்தா உன்னைச் சுத்த ஒண்ணும் இல்ல, பேசாம இரு'ன்னு அதையே பேரா வச்சுட்டா." தன் கையைப் பார்த்துக்கொண்டார். "இப்ப பாரு, தினம் ஆறு மாடித் துணியைத் தள்ளறேன்."

பின்னால் துவைக்கிற எந்திரம் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தினூடே நான் என் பேருக்கு அர்த்தம் சொன்னேன். இருபத்தோரு வருஷத்தில் அந்தக் கூடத்தில் முதல் தடவை.

"என்னுது, குப்பை."

யாரும் உதட்டைக் கடிக்கவில்லை. யாரும் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. தள்ளுவண்டிக்காரர் கேட்டது ஒன்றே ஒன்று.

"உனக்கு முன்னால எத்தனை?"

நான் ஒரு விளக்கமும் சொல்லாமலே, குப்பை என்ற ஒரு சொல்லிலிருந்து நேராகப் போய் அந்த இடத்தைத் தொட்டுவிட்டார். என் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. அவர் அம்மாவும் என் அம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததில்லை. பனியண்ணன் அம்மா கடலையே பார்த்திருக்க மாட்டாள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் பனியிலும் வெயிலிலும் ஆளுக்கொரு மூலையில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, எல்லாரும் சாவிடம் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே ஒன்றும் இல்லை, போ.

"மூணு," என்றேன். அதுகூட நிச்சயமாகத் தெரியாது. சின்ன வயசில் கேட்ட ஞாபகம்.

மதியத்துக்கு மேல் வேலை ஓடவில்லை. நாடாவில் வந்த ஒவ்வொரு பேரையும் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் பார்த்தேன். ஒரு வார்டு ஆயா வந்தபோது கேட்டேன், பிறந்த கிழமைதான் பேராம். ஒரு டாக்டர் கோட்டை வாங்கிக்கொண்டு போகிறபோது துணிந்து கேட்டுவிட்டேன். கல் என்று அர்த்தமாம். சொல்லிவிட்டு அவரே, "யாரும் கேட்டதில்லை" என்று சிரித்தார். ஆயிரத்து நானூறு உடுப்பு தொங்குகிற அந்தக் கூடத்தை நிமிர்ந்து பார்த்தேன். ஒவ்வொரு நெஞ்சிலும், எங்கோ ஒருத்தி ஒரு பிள்ளைக்காக வேண்டிக்கொண்டது ஒட்டியிருந்தது. எட்டு வருஷமாக அதையெல்லாம் என் கையால் ஒட்டிவிட்டு, நான் பாட்டுக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்காவுக்குப் போன் போட்டேன். அக்கா எனக்குப் பத்து வயசு மூத்தவள். அவள் மட்டும் எப்படியோ தங்கிவிட்டாள்.

"என்னடா, இந்த நேரத்துல? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லக்கா. எனக்கு முன்னால போனவங்க எத்தனை பேரு?"

"எதுக்குடா இப்ப?"

"சொல்லேன்."

"மூணு. ரெண்டு பையன், ஒரு பொண்ணு."

"அவங்களுக்குப் பேரு வச்சாங்களா?"

"வைக்காம? அப்பா ஊர்ப் பெரியவரைக் கூப்பிட்டு, நல்ல நேரம் பார்த்து வச்சாரு. முதல் பையன் பேரு ராஜான்னு அர்த்தம் வரும். பொண்ணுக்கு நிலா. கடைசிப் பையனுக்கு ஜெயிக்கறவன்னு பேரு. அவன் பதினோரு நாள்தான்டா இருந்தான்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நல்ல பேரு மூணும் போச்சு. நீதான் நின்ன."

"அக்கா, அம்மா எனக்கு வேற ஏதாவது பேரு வச்சிருந்தாளா?"

"வச்சிருந்தா."

"என்ன பேரு?"

"எனக்கு எப்படித் தெரியும்? அவ வாய் திறந்து சொன்னதே இல்ல. உன்னைக் குளிப்பாட்டும்போது காதுகிட்ட குனிஞ்சு உதட்டை மட்டும் அசைப்பா. சத்தம் வராது. நான் ஒருநாள், 'என்னம்மா சொல்ற'ன்னு கேட்டேன். 'அவன் பேரு'ன்னா. 'எனக்கும் சொல்லேன்'னேன். 'சொன்னா கேட்டுடும்'னா. யாருக்குக் கேட்டுடும்னு நான் கேக்கல. எனக்கே பயமாயிடுச்சு."

அம்மா செத்தபோது எனக்கு ஒன்பது வயது. அந்தப் பேரைக் கடைசிவரைக்கும் வெளியே விடவில்லை. அவளோடு போய்விட்டது. ஐம்பத்து நாலு வருஷமாக எனக்கு ஒரு பேர் இருந்திருக்கிறது. அது தெரிந்தவர் இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை. அந்தச் சாவுக்கும் தெரியாது.

போனை வைத்துவிட்டு விண்ணப்பத் தாளை எடுத்து விரித்தேன். புதிய பெயர் என்ற கோட்டைப் பார்த்தேன். அதில் என்ன எழுதுவது? அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு பேர் இருக்கிறதே. அதன்மேல் நான் எப்படி இன்னொன்றை எழுத முடியும்?

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மகள் சலவைக்கூடத்துக்கே வந்துவிட்டாள், தாளை வாங்கிக்கொண்டு போக. அவளுடைய நர்ஸ் உடுப்பு ஆறும் என் மேஜையில் அடுக்கி இருந்தன, வெள்ளை வெளேரென்று. அவள் பேர் அச்சான நாடாவும் வந்திருந்தது, பழைய பேரில்தான். ஆபீஸில் தாளைக் கொடுத்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு அடித்துத் தருவார்கள்.

"எழுதிட்டீங்களாப்பா?"

தாளைக் கொடுத்தேன். ரெண்டு கோடும் காலியாக இருப்பதைப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"அம்மாடி, நான் சொல்றதைக் கேளு. உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீ உங்கம்மா பேரைப் பின்னால வச்சுக்கோ. அழகான பேரு. நான் இப்பவே கையெழுத்துப் போடறேன், ஆபீஸுக்கும் கூட வரேன். என்னை அறுத்து விட்டதா நான் நினைக்க மாட்டேன், சத்தியமா. ஆனா என் பேரை மட்டும் மாத்த மாட்டேன்."

"ஏன்ப்பா? முந்தாநேத்து சரின்னுதானே வாங்கி வச்சுக்கிட்டீங்க?"

சொன்னேன். கிழவியை, மனுஷன் இல்லை என்பவரை, கந்தல் இல்லை என்பவரைச் சொன்னேன். சொல்லும்போது தையலம்மா ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எங்களையே பார்த்தார். பனியண்ணன் தூரத்தில் விரிப்பு மடித்துக்கொண்டே, என்னவோ புரிந்த மாதிரி தலையாட்டினார். மகள் முதலில் சிரித்தாள். 'யாருக்குத் தெரியும்' என்ற இடத்தில் நன்றாகவே சிரித்தாள். அப்புறம் அக்கா சொன்னதைச் சொன்னேன். பதினோரு நாள் இருந்தவனைச் சொன்னேன். உதடு அசைந்ததைச் சொன்னேன். அப்போது அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"நம்ம ஆளுங்க மட்டும்தான் மூட ஜனங்கன்னு நினைச்சேன்மா. எல்லா ஊர்லயும் இதையேதான் செஞ்சிருக்காங்க. எங்கம்மா சொன்ன பொய்ம்மா இது. அம்பத்து நாலு வருஷமா நிக்குது. அதை நானே போய் அழிக்க எனக்கு மனசு வரலை."

அவள் நாடாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"வார்டுல பயிற்சிக்கு இருந்தப்ப ஒரு அம்மா," என்றாள். "குறைமாசக் குழந்தை. பேரு என்னன்னு நான் எழுதிக்கக் கேட்டேன். அவ வாயைப் பொத்திக்கிட்டா. சொல்லவே இல்ல. அட்டையில எழுதியே ஆகணும்னு நான் அவளைக் கடிஞ்சுக்கிட்டேன்ப்பா. படிக்காதவன்னு நினைச்சேன்."

"அந்தக் குழந்தை?"

"நல்லா இருக்கு. வீட்டுக்குப் போயிடுச்சு." நாடாவின் ஓரத்தை விரலால் நீவினாள். "ஒலிபெருக்கியில கூப்பிடுவாங்கல்ல? அந்த வார்டுல எல்லாருக்கும் கேக்கும்."

"கேக்கும். அதனாலதான் சொல்றேன், அம்மா பேரை..."

"கேக்கட்டும்ப்பா."

எனக்குப் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"பச்சைக் குழந்தைங்க படுத்திருக்கற இடம். அந்த வார்டு வாசல்ல தினம் பத்து தடவை சத்தமா, இங்க குப்பைதான் இருக்குன்னு சொல்லுவாங்க. சொல்லட்டும். நான் நர்ஸு, எனக்கு இதுல நம்பிக்கை இல்ல. ஆனாலும் சொல்லட்டும்."

சொல்லிவிட்டு விண்ணப்பத் தாளை நாலாக மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். கிழிக்கவில்லை. பின்னால் மனசு மாறினால் மாறட்டும், அது அவள் இஷ்டம்.

"சிரிப்பாங்கம்மா. மறுபடியும் லாரின்னு சொல்லுவாங்க."

"சொன்னா உங்க கூட்டாளிங்க மூணு பேரையும் கூட்டிட்டு வந்து நிறுத்தறேன். எத்தனை எண்ணணும்?"

"பன்னிரண்டு."

முதல் உடுப்பை அவளே பலகையில் விரித்தாள். நாடாவை அவளே வைத்தாள். நான் பிடியை இறக்கினேன். ரெண்டு பேரும் சத்தமாக எண்ணினோம். தள்ளுவண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு ஏழிலிருந்து சேர்ந்துகொண்டார். பன்னிரண்டில் தூக்கினேன். ஆவி லேசாக எழுந்து அடங்கியது. அவள் பேருக்குப் பின்னால் என் பேர் நேராக நின்றது.

"இங்க என்ன திருவிழாவா நடக்குது?" என்று சூப்பர்வைசரம்மா கதவைத் திறந்து கேட்டார்கள். மகள் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போய்விட்டாள்.

மீதி ஐந்தையும் நான் தனியாக ஒட்டினேன். நாலு நன்றாக வந்தது. கடைசி உடுப்பில் நாடா ஒரு நூல் சாய்ந்துவிட்டது. எட்டு வருஷத்தில் நான் கோணலாக ஒட்டியது அது ஒன்றுதான். பிய்த்தால் துணி போய்விடும் என்று அப்படியே அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை அதைப் போட்டுக்கொண்டு வராண்டாவில் வேகமாக நடந்து போனாள். அந்தச் சாய்வு தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.